மூணு பைன்ட்... ஒரு லைம் சோடா!

டப்ளின் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், வழியில் ஒரு பப்கூட குறுக்கிடாமல் நடந்து போக முடியுமா? 1922-ல் வெளிவந்த 'யுலிசிஸ்' நாவலில் ஜேம்ஸ் ஜாய்ஸ் போட்ட புதிர் இது. 2011-ல் ஒரு சாஃப்ட்வேர் ஆசாமி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவை கம்ப்யூட்டரில் போட்டு அலசி, ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அந்த வழி நமக்கு எதுக்கு பாஸ்? நாம போகப்போறது பப் இருக்கிற வழியில!

'என்னது, பப்பா?'ன்னு ஜெர்க் ஆகாதீங்க. எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு அயர்லாந்து கிளம்பும்போது, 'குடிக்க மாட்டேன்'னு அம்மா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டு ஃப்ளைட் ஏறினவன் நான். ஜனவரியில் எக்ஸாம் முடிஞ்சதும் கையில 350 யூரோ, முதுகுல ஒரு பை. ஏழு நாள், மூணு ஊர். சத்தியம் தப்பிச்சது. பட்ஜெட்..? சொல்றேன்.

முதல்ல கணக்கு. ஹாஸ்டல் டார்மிட்டரியில ஆறு ராத்திரிக்கு 150. டப்ளின், கால்வே, கார்க், திரும்ப டப்ளின்னு பஸ்ஸுக்கு 50. சாப்பாட்டுக்கு 80. ஹாஸ்டல்ல கிச்சன் இருக்கும். அரிசியும் மசூர் பருப்பும் சூப்பர் மார்க்கெட்ல வாங்கிட்டா, தினமும் சாம்பார் மாதிரி ஏதோ ஒண்ணு ரெடி. மிச்சம் 70. ஒரு நாளைக்குப் பத்து யூரோ, பப்புக்கு!

டப்ளின்ல பகல் பொழுது ஃப்ரீ. நேஷனல் கேலரி, நேஷனல் மியூசியம், அபூர்வமான சுவடிகள் இருக்கிற செஸ்டர் பீட்டி... மூணுக்கும் டிக்கெட் கிடையாது. ராத்திரி டெம்பிள் பார் ஏரியாவுல போட்டோ மட்டும் எடுத்துட்டு நடையைக் கட்டுங்க. அங்கே எல்லாமே டூரிஸ்ட் ரேட். நாலு தெரு தள்ளிப் போனா பர்ஸ் மூச்சு விடும்.

அயர்லாந்து பப், நம்ம ஊர் பார் மாதிரி இல்ல. டீக்கடை பெஞ்ச்னு வெச்சுக்கலாம். தாத்தாவும் இருப்பார், சாயங்காலம் வரைக்கும் பேரனும் இருப்பான். டீ, சூப் கிடைக்கும். புகை இருக்காது. 2004 மார்ச்லயே பப் உள்பட எல்லா வேலையிடங்கள்லயும் சிகரெட்டுக்குத் தடை போட்டுட்டாங்க. நாடு முழுக்க அப்படித் தடை கொண்டுவந்த முதல் தேசம் அதுதான்.

மேற்குக் கரையில இருக்கிற கால்வேயில 'செஷன்' பார்க்காம திரும்பாதீங்க. மேடை இல்ல, டிக்கெட் இல்ல. மூலை மேஜையைச் சுத்தி ஃபிடில், டின் விசில், குச்சியால தட்டுற பௌரான்னு வாத்தியங்களோட உட்கார்ந்து வாசிப்பாங்க. ரூல்ஸ் ரெண்டுதான். அவங்க நாற்காலியில உட்காரக் கூடாது. யாராவது தனியா பாட ஆரம்பிச்சா, கப்சிப்!

மூணாவது ரூலை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். பக்கத்துல இருந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர், "என்ன குடிக்கிறே தம்பி?" என்றார். "லைம் சோடா." வந்தது. அடுத்து அவர் நண்பர் வாங்கித் தந்தார். அதுக்கடுத்து இன்னொருத்தர். 'எவ்ளோ நல்லவங்கப்பா!'ன்னு உறிஞ்சிட்டே இருந்தேன். நாலாவது தடவை எல்லார் கிளாஸும் காலி. யாரும் எதுவும் கேட்கல. ஆனா, யாரும் எழுந்திருக்கவும் இல்ல. அப்பத்தான் பொறி தட்டுச்சு... இது 'ரவுண்ட்'. இப்போ என் முறை! மூணு பைன்ட், ஒரு சோடா. 21 யூரோ. ரெண்டு நாள் பப் பட்ஜெட் காலி. பாத்ரூம் போறமாதிரி நழுவிடலாமான்னு ஒரு செகண்ட் தோணினது நிஜம். நழுவல. கை நடுங்க நோட்டை நீட்டினேன்.

வெளியே வந்ததும் டிரைவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். சிரிச்சார். "ஆரம்பத்துலயே 'இன்னிக்கு எனக்கு நானே வாங்கிக்கிறேன்'னு சொல்லிடணும் தம்பி. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வாங்கிக் குடிச்சுட்டு, தன் முறை வரும்போது காணாமப் போறவனைத்தான் மறக்க மாட்டாங்க."

கார்க்ல 'ஷின் ஏ'ன்னு ஒரு பப். பக்கத்துக் கட்டடம் இறுதிச் சடங்கு நடத்துற இடம். ஐரிஷ்ல அந்தப் பேருக்கு அர்த்தம், 'அவ்ளோதான்'! அங்கே முதல் வார்த்தையாவே சொல்லிட்டேன், "நான் ஸ்டூடன்ட், எனக்கு நானே வாங்கிக்கிறேன்." "அதுக்கென்ன, உட்காரு!" என்றார்கள். ஒரே சோடாவுல ரெண்டு மணி நேரம் பாட்டு கேட்டேன்.

பெல்ஃபாஸ்ட்டுக்கு ஆசை இருந்தும் போகல. பார்டர்ல கேட் கிடையாதுதான். ஆனா, சட்டப்படி அது பிரிட்டன். என்கிட்ட அந்த விசா இல்ல. நீங்களும் ரிஸ்க் எடுக்காதீங்க.

ஊருக்கு வந்ததும் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "லைம் சோடா குடிக்கவாடா அவ்ளோ தூரம் போனே?" இல்லம்மா... கேன்டீன்ல பில் வரும்போது மூணு வருஷமா போன் பேசற மாதிரி வெளியே போவேன். இப்போ உட்காரும்போதே சொல்லிடறேன், "மச்சி, இன்னிக்கு எங்கிட்ட என் டீக்கு மட்டும்தான் காசு!"

ஒருத்தனும் எழுந்து போகல!