ஒத்திசைவும் உம்மும்மாவின் வீடியோவும்

சென்ற தவணை விடுமுறையில் என் கைத்தொலைபேசி இடமில்லை என்று அடம்பிடித்தது. படங்கள் எல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கின்றன, வாப்பாவின் கணினியிலும் அவற்றைப் பார்க்கலாம் என்ற துணிவில், அந்தச் செயலியைத் திறந்து பழையவற்றை ஒட்டுமொத்தமாக அழித்துவிட்டேன். மாலையில் ராத்தா கணினியில் தேடினார். அங்கும் இல்லை. போனவற்றுள் ஒன்று, மௌத்தாகிவிட்ட எங்கள் உம்மும்மா பன்பாய் இழைக்கும் வீடியோ. உம்மா என்னை ஏசவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

ஒத்திசைவையும் காப்புப் பிரதியையும் நான் ஒன்றென்று நினைத்திருந்தேன். ஒத்திசைவு என்றால், ஒரே கணக்கில் நுழைந்த தொலைபேசியும் கணினியும் இணையச் சேவையும் ஒரே நிலையில் இருப்பது. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்ற இடங்களுக்கும் போகும். இது பெரிய வசதிதான். தொலைபேசி தொலைந்தாலும், புதியதில் அதே கணக்கைக் கொடுத்தால் தோழியரின் இலக்கங்கள் திரும்ப வந்துவிடும். (அவற்றை சிம் அட்டையில் அல்லாமல் கூகுள் கணக்கில் சேமித்திருக்க வேண்டும், எங்கள் வீட்டில் பாதி சிம்மில்தான் கிடந்தன.) ஆனால் அழிப்பதும் ஒரு மாற்றமே. அதுவும் எல்லா இடத்துக்கும் போய்விடும். காப்புப் பிரதியோ தனியே நிற்பது. மூலத்தை அழித்தாலும் அது அப்படியே இருக்கும்.

ராத்தாதான் செயலியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். இணையத்தில் ஏற்றப்பட்ட படங்கள் அழித்த பின்னும் 60 நாட்கள் அங்கே கிடக்குமாம். வீடியோ இருந்தது! மீட்டெடுத்தோம்.

தொலைபேசியில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதே செயலியில் 'இடத்தைக் காலியாக்கு' என்ற தெரிவு இருக்கிறது. ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டவற்றின் தொலைபேசிப் பிரதியை மாத்திரம் அது நீக்கும். இன்னொன்று: கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பிவிட்டால் புதிய படங்கள் ஏறாது. ஏறியிருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இப்போது மாதம் ஒருமுறை யூஎஸ்பி வயரால் தொலைபேசியைக் கணினியுடன் இணைத்து, திரையில் கோப்புப் பரிமாற்றத்தைத் தெரிவுசெய்து, கெமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறையை வெட்டாமல் பிரதி செய்கிறேன். உம்மும்மாவின் வீடியோ கணினியில் ஒன்று, உம்மாவின் அலுமாரிக்குள் பென் டிரைவில் ஒன்று என்று இருக்கிறது. அலுமாரிச் சாவி உம்மாவிடம். என்னிடம் தருவதாக இல்லை.