மிதக்கும் மாதிரிப் போர்க்கப்பல்

எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு மாணவர் ஒருவர் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் மாதிரியை மரத்தில் செய்து வந்தார். நீளம், அகலம் எல்லாம் அளவுப்படி இருந்தன. ஆனால் தொட்டி நீரில் விட்டதும் அளவுக்கு மீறி அமிழ்ந்தது. பிறகு ஒருபுறம் சாய்ந்து கவிழ்ந்தது. பிழை எங்கே?

1961 முதல் 1997 வரை நம் கடற்படையில் பணியாற்றிய முதல் விக்ராந்தின் நீளம் ஏறத்தாழ 213 மீட்டர். முழுச் சுமையுடன் எடை சுமார் 19,500 டன். 1:200 அளவில் மாதிரி செய்தால் அதன் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எடையும் 200-இல் ஒரு பங்குதானா? அப்படியானால் மாதிரி 97 டன் இருக்க வேண்டுமே! நீளம், அகலம், உயரம் மூன்றும் 200 மடங்கு குறைகின்றன. ஆகவே பருமன் 200 × 200 × 200, அதாவது 80 லட்சம் மடங்கு குறைகிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை வெளியேற்றும் என்பதை நாம் அறிவோம். ஆகவே எடையும் 80 லட்சம் மடங்கு குறைய வேண்டும். விடை சுமார் 2.4 கிலோகிராம். மாணவரின் கப்பலோ நான்கு கிலோ! போதாக்குறைக்கு, மேல்தளம் தடித்த பலகை.

இது விளையாட்டுப் பிழை மட்டுமன்று. 'கேப்டன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கட்டும்போதே கணக்கைவிட எடை கூடிவிட்டது. நீர்மட்டத்துக்கு மேல் 8 அடி உயரத்தில் இருக்க வேண்டிய தளம் சுமார் ஆறரை அடியில் நின்றது. 1870 செப்டம்பர் 7 அன்று ஸ்பெயின் நாட்டுக் கரைக்கு அப்பால் புயலில் அது சாய்ந்தபோது தளத்தின் விளிம்பு விரைவில் நீரில் மூழ்கியது. நிமிரும் ஆற்றல் குன்றிக் கப்பல் கவிழ்ந்தது. சுமார் 480 பேர் மாண்டனர். அதனை வடிவமைத்த கோல்ஸும் அவர்களுள் ஒருவர். உயர்ந்த பக்கங்களையுடைய 'மோனார்க்' கப்பல் அதே புயலில் தப்பியது.

ஆகவே, மாதிரி செய்யத் தொடங்குவோர் முதலில் எடையைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். முழு மரத்தைச் செதுக்க வேண்டாம். மெல்லிய ஒட்டுப்பலகையில் குறுக்குச் சட்டங்கள் வெட்டி, அவற்றின் மேல் பால்சா மரப் பட்டைகளை ஒட்டி, உள்ளும் புறமும் வார்னிஷ் பூசுங்கள். மேற்பகுதிகளுக்கு அட்டை போதும். குறையும் எடைக்கு ஈயத் துண்டுகளை அடிப்பகுதியில் வையுங்கள். ஈயத்தைத் தொட்டபின் கைகளைக் கழுவுங்கள். கப்பல் சாயாமல் மிதக்கும்வரை துண்டுகளை நகர்த்திப் பார்த்து, பின்னரே ஒட்டுங்கள். இப்போது விரலால் மெல்லச் சாய்த்து விடுங்கள். உடனே நிமிர்ந்தால் வெற்றி! சோம்பலாக நிமிர்ந்தால் மேற்பகுதியின் எடையைக் குறையுங்கள்.

1872-இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் வில்லியம் ஃபிரவுட் நீர்த்தொட்டி அமைத்து, மெழுகு மாதிரிகளை இழுத்துப் பார்த்தே பெரிய கப்பல்கள் சந்திக்கும் நீரின் தடையைக் கணித்தார். உங்கள் வீட்டுத் தொட்டியும் ஓர் ஆய்வுக்கூடம்தான்.