நூரன்பேர்க் நகரத்து நத்தார்ச் சந்தை

ஜேர்மனி தேசத்தின் தென்பாகத்திலே, பவேரிய மாநிலத்தில், பெக்னிற்ஸ் என்னும் சிற்றாற்றின் இருமருங்கிலும் அமைந்துள்ளது நூரன்பேர்க் நகரம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளுள் முதலாவது ஞாயிறு வருவதற்கு முன், வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணியளவில், அந்நகரத்துப் பெருஞ் சந்தைச் சதுக்கத்திலே நிற்போமாயின், மாதா கோயிலின் மாடத்தில் பொன்முடி தரித்த இளநங்கையொருத்தி தோன்றி, சந்தைக்கு அனைவரையும் அழைப்பதைக் காண்போம். கிறிஸ்து பாலன் என்பது அவள் பெயர். பாலன் என்று பெயரிருப்பினும் வேடம் பூணுவது பெண்ணே!

கீழே, சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடிட்ட துணிக்கூரைகளின்கீழ் மரக்கடைகள் நிரைநிரையாக நிற்கின்றன. உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியிற் கோத்துச் செய்த மனிதப் பொம்மைகளைச் சிறுவர்கள் மொய்த்து நிற்கின்றனர். விரலளவேயான இறைச்சிக் குழல்கள் மூன்றை ஒரு பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். குளிருக்கு அது நல்ல துணை.

எனினும் நம்மவர் மூக்கை முதலில் இழுப்பது லெப்கூகன் என்னும் பணியாரத்தின் வாசனைதான். கறுவா, கராம்பு, ஏலம் ஆகியவற்றின் மணம் அது! அயற்காடுகளில் தேன் மிகுதியாகக் கிடைத்தது. வெனிஸ் நகரோடு வாணிகஞ் செய்த வணிகர் கீழைத்தேயச் சரக்குகளைக் கொணர்ந்தனர். இரண்டுஞ் சேர்ந்தே இப்பணியாரம் பிறந்தது. 1643ஆம் ஆண்டில் இதனைச் சுடுவோர் தமக்கெனத் தனிச் சங்கம் பெற்றனர். இன்றும் உயர்தரமானதில் நூற்றுக்கு 25 பங்குக்குக் குறையாமல் வாதுமை முதலிய பருப்புகள் இருத்தல் வேண்டும். மாவு 10 பங்குக்கு மேற்படலாகாது. கறுவாவின் தாயகம் நம் இலங்கையே என்பதை நினைக்கையில், அப்பணியாரம் சற்றே உறவு கொண்டாடுகிறது.

சந்தையின் தொன்மைக்குச் சான்றாக, 1628ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட சிறு மரப்பெட்டி ஒன்று அங்குள்ள ஜேர்மானிய தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஆனால் சதுக்கத்தின் கதை அதனினும் பழையது, இனியதன்று. முன்னர் இது யூதர் வாழ்ந்த இடம். அவர்தம் வீடுகளை இடித்துச் சந்தை அமைக்க நான்காம் சார்ள்ஸ் மன்னன் 1349இல் அனுமதி வழங்கினான். அவ்வாண்டு டிசெம்பர் 5ஆந் திகதி குறைந்தது 562 யூதர் கொல்லப்பட்டனர். அவர்களது செபக்கூடம் இருந்த இடத்திலேயே மாதா கோயில் எழுந்தது. அக்கோயில் முகப்பில் 1509இல் அமைத்த மணிக்கூடு, நண்பகல்தோறும் ஏழு பிரபுக்களின் பாவைகளை அதே மன்னனைச் சுற்றி வலம்வரச் செய்கிறது. கூட்டம் அண்ணாந்து மகிழ்கிறது. உள்ளே சென்று, பலிபீடப் பகுதியின் தரையிற் பதிக்கப்பட்டுள்ள தாவீதின் நட்சத்திரத்தைக் குனிந்து பார்ப்போர் சிலரே.

வேறிடங்களில் அலைந்த சந்தையை 1933இல் மீண்டும் இச்சதுக்கத்துக்குக் கொணர்ந்தவர்கள் நாஜிகள். சதுக்கத்துக்கு ஹிட்லரின் பெயரையே சூட்டினர். பின்னர் யுத்தம் வந்தது, சந்தை நின்றது. 1945 ஜனவரி 2ஆந் திகதி இரவு விழுந்த குண்டுகளால் பழைய நகரம் பெரும்பாலும் தரைமட்டமாயிற்று. ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர். கோயிலில் சுவர்களும் முகப்புமே எஞ்சின. 1948இல், இடிபாடுகளின் நடுவே சந்தை மறுபடி கூடியது. அவ்வாண்டு புதிதாக எழுதப்பட்ட அழைப்புரையைக் கிறிஸ்து பாலனாக நடித்த நடிகை ஒருவர் கூறினார். 1969 முதல் ஈராண்டுக்கொரு முறை, நகரத்து இளம்பெண்களுள் ஒருத்தியைத் தெரிந்தெடுத்து வருகின்றனர்.

2019இல் தெரிவானவளின் தந்தை இந்தியர். தீவிர வலதுசாரிக் கட்சியொன்றின் கிளை அவளது பிறப்பைச் சுட்டி இணையத்தில் இகழ்ந்தெழுதியது. நூரன்பேர்க் மக்கள் கொதித்தெழுந்தனர். கண்டனம் நாடெங்கும் எழவே, அப்பதிவை நீக்க நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் மாத இறுதி வெள்ளியன்று அவளே பொன்முடி தரித்து அந்த மாடத்திலே நின்றாள். யூதர் தெருக்கள் இருந்த நிலத்தின்மேல் திரண்டு நின்ற பெருங்கூட்டத்தைச் சந்தைக்கு அழைத்தாள்.