நேர்மையான கொள்வனவும் தரமான கோப்பியும்

நெல்லாயினும் மரக்கறியாயினும், நல்ல விளைபொருளுக்கும் தாழ்ந்த விளைபொருளுக்கும் சந்தையில் ஒரே விலை கிடைக்குமாயின், தரத்தை உயர்த்த எவரும் முன்வரார். இவ்வுண்மையை நன்குணர்ந்த ஒரு வணிகக் குடும்பம், கோப்பிக் கமக்காரரிடம் பொருள் வாங்கும் முறையையே மாற்றியமைத்தது. அதன் வரலாறு எந்தப் பயிரைச் செய்வோருக்கும் பயன் தருவதாகும்.

திரியெஸ்தே நகரக் குடும்பம்

இத்தாலி நாட்டின் திரியெஸ்தே துறைமுக நகரில், 1933 ஆம் ஆண்டில், பிரான்செஸ்கோ இல்லி என்பவர் கோப்பி வறுக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். அவருக்குப் பின் அவருடைய மகன் ஏர்னெஸ்தோ இல்லி அதனை நடத்தினார். இவர் இரசாயனம் கற்றவர். ஒரு சிறு கிண்ணக் கோப்பிக்கு ஏறத்தாழ 50 கொட்டைகள் தேவை. அவற்றுள் பழுதுற்ற ஒரு கொட்டை சேர்ந்தாலும் கிண்ணம் முழுவதும் சுவை கெடும் என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே, தோட்டத்தில் நிகழும் தவற்றை வறுக்கும் ஆலையில் திருத்த இயலாது என அவர் உணர்ந்தார்.

பரிசும் மேல்விலையும்

உலகிலேயே மிகக் கூடுதலாகக் கோப்பி விளைவிக்கும் நாடு பிறேசில். அங்கு நெடுங்காலமாகப் பல தோட்டங்களின் கோப்பியும் ஒன்றாகக் கலக்கப்பட்டே ஏற்றுமதியாகி வந்தது. 1989 ஆம் ஆண்டு யூலையில், உலகக் கோப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை குலைந்தது. சில மாதங்களுள் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1990 இல் பிறேசில் அரசின் கோப்பி நிறுவகமும் மூடப்பட்டது. கமக்காரர் பெரும் இடருற்றனர்.

அவ்வேளையில், 1991 ஆம் ஆண்டில், இல்லி நிறுவனம் பிறேசில் கமக்காரருக்கெனத் தரப் பரிசொன்றை ஏற்படுத்தியது. கமக்காரர் தாமே மாதிரிகளை அனுப்பினர். சிறந்தவற்றிற்குப் பரிசு அளிக்கப்பட்டதோடு, சந்தை விலையிலும் கூடிய விலையில் அக்கோப்பி நேரடியாகக் கொள்வனவு செய்யப்பட்டது. தம் பெயரில் தனித்து விற்கக் கிடைத்த வாய்ப்பினால், பழுத்த பழங்களைத் தெரிந்து பறித்தல், தோலை நீக்கிப் பசையோடு உலர்த்துதல் முதலிய முறைகளைக் கைக்கொள்ளும் ஊக்கம் அவர்களுக்கு உண்டாயிற்று. 1999 இல் கோப்பிப் பயிற்சிக் கூடமொன்றையும் அந்நிறுவனம் நிறுவியது. மேல்விலை கொடுப்பது தருமம் அன்று. நற்பொருள் தடையின்றிக் கிடைப்பதற்கு வணிகர் செய்யும் முதலீடே அது.

நிலத்தைக் காத்தல்

இக்காலத்தில் வாங்குவோர் சுவையை மாத்திரம் நோக்குவதில்லை. 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், 31.12.2020 இற்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கோப்பியை விலக்குகின்றது. விளைந்த காணியின் இருப்பிடத்தையும் காட்டுமாறு கேட்கின்றது. எனவே தம் காணி பற்றிய பதிவுகளைப் பேணுதல் சிறு கமக்காரருக்கும் அவசியமாகும்.

எமது நாட்டின் படிப்பினை

இலங்கையில் பெருந்தோட்டங்களில் செழித்த கோப்பியில், 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. பரந்த நிலமெங்கும் ஒரே பயிராக நின்றமையால் நோய் எளிதிற் பரவிற்று. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அதே நோய் 1970 இல் பிறேசிலையும் அடைந்தது. இன்று கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை முதலிய மாவட்டங்களில், வீட்டுத் தோட்டங்களில் மிளகு, வாழை ஆகியவற்றோடு கோப்பியும் வளர்க்கப்படுகின்றது. இக்கலப்புப் பயிர்ச்செய்கை மண்ணரிப்பைத் தடுக்கும். ஒரு பயிர் பொய்ப்பினும் மற்றொன்று கைகொடுக்கும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. நன்கு சிவந்த பழங்களை மாத்திரமே பறித்தல் வேண்டும். நிறையைக் கூட்டக் கருதிப் பச்சைக் காய்களைக் கலப்பது, வாங்குவோரின் நம்பிக்கையை ஒரே நாளில் அழித்துவிடும்.

2. பறித்த பழங்களை நீரில் இட்டு மிதப்பவற்றை அகற்றுக. அன்றைய தினமே பதப்படுத்தத் தொடங்குக.

3. வெறுந்தரையில் உலர்த்தலாகாது. உயர்த்திய தட்டுகளிற் பரப்பி அடிக்கடி கிளறிவிடுக. ஈரப்பதன் நூற்றுக்கு 11 முதல் 12 வரை இறங்கும்வரை உலர்த்துக.

4. உலர்ந்த கொட்டைகளைத் தூய சாக்குகளில் இட்டு, மண்ணெண்ணெய், பசளை முதலியவற்றின் மணம் அணுகாத இடத்தில் வைக்குக.

5. ஒரு கிலோ உலர்ந்த கொட்டைக்கு ஏறக்குறைய ஐந்து முதல் ஆறு கிலோ பழம் வேண்டும். பழமாக விற்பதா, கொட்டையாக விற்பதா என்பதைக் கணக்கிட்டுத் தீர்மானிக்குக.

6. சிறு அளவில் விளைவிப்போர் ஒன்றுசேர்ந்து தரம்பிரித்து விற்பின், விலை பேசும் வலிமை பெருகும்.

இவற்றுட் சில மரக்கறிக்கும் பொருந்தும். தக்காளியையோ மிளகாயையோ தரம்பிரித்து, உள்ளும் புறமும் ஒன்றாகப் பெட்டியில் அடுக்கும் கமக்காரரை வணிகர் மறுமுறையும் தேடி வருவர். விற்பவர் கலப்படமின்றிக் கொடுப்பதும், வாங்குபவர் தரத்துக்கேற்ற விலை தருவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. கோப்பி பற்றிய மேலதிக ஆலோசனைகளை ஏற்றுமதி விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து பயனடைவீர்களாக.