இமைக்க மறந்த கண்

கடலூர் துறைமுகம் சந்திப்பில் சிதம்பரம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறினால், ஜன்னலோரம் இடம் பிடித்தவர் கையிலும் செல்போன்தான். ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் வந்துபோனது தெரியாது. எதிரில் இருப்பவர் எத்தனை தடவை இமைக்கிறார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள் (அவர் கவனிக்க மாட்டார்). பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் 15 தடவையாவது இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது 5, 6 தடவையோடு நிறுத்திக்கொள்ளும். தேவர்களுக்குக் கண் இமைக்காது. சுயம்வர மண்டபத்தில் நளன் உருவில் வந்திருந்த தேவர்களுக்கு நடுவே தமயந்தி நளனை அடையாளம் கண்டது அதையும் வைத்துத்தான். நமக்கு அந்த லட்சணம் ஒத்துவராது. ஒவ்வொரு இமைப்பும் கருவிழி மேல் கண்ணீரைப் பூசிவிட்டுப் போகிறது. பூச்சு காய்ந்தால் மண் விழுந்ததுபோல உறுத்தும்.

உள்ளே லென்ஸைச் சுற்றி வளையமாக ஒரு தசை. தூரத்து வயலைப் பார்க்கையில் அது தளர்ந்திருக்கும். 30 செ.மீ. தூரத்து எழுத்தைப் படிக்கவோ, இறுகி லென்ஸைப் புடைக்க வைத்தாக வேண்டும். சுமார் 3 டையாப்டர் (மூக்குக்கண்ணாடி 'பவரை' அளக்கும் அலகு) கூடுதல் வேலை. வெகுநேரம் இறுகிய தசை, தலை நிமிர்ந்ததும் விட்டுவிடாது. ஸ்டேஷன் பெயர்ப்பலகை கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

பெரியவர்களுக்கு அது சரியாகிவிடும். பிள்ளைகள் விஷயம் வேறு. வளரும் வயதில் விழிக்கோளமே நீண்டுவிடலாம், 1 மி.மீ. கூடினாலே ஏறக்குறைய 2.5 டையாப்டர் கிட்டப்பார்வை. எல்லோரும் செல்லின் நீல ஒளியைத் திட்டுகிறார்கள். பாவம், வெயிலில் இருக்கும் நீல ஒளிக்கு முன் அது ஒன்றுமே இல்லை. சந்தேகப்பட வேண்டியது, செல்லைக் கண்ணருகே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பதை. வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம். கடலூர் சில்வர் பீச்சில் பகலில் 10,000-க்கு மேல். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமின், கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். தைவான் 2010-இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு அதன்பின் இறங்கத் தொடங்கியது.

செல்லை மடியில் கவிழ்த்து வைத்தால் கவனமாவது திரும்புமா? 2017-இல் அமெரிக்காவில் ஏட்ரியன் வார்டு குழுவினர் ஏறக்குறைய 800 பேரைச் சோதித்தார்கள். செல்லை அடுத்த அறையில் விட்டவர்களே, மேசையில் வைத்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பிறகு செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் படிப்பவர் 'டிங்' சத்தத்துக்கு ஒருமுறை நிமிர்ந்தால், விட்ட வரியைத் தேடிப் பிடிக்க நேரமாகும் என்பதற்கு ஆய்வே தேவையில்லை.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள் என்பார்கள் கண் டாக்டர்கள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம் வரும். 20 அடி என்ன, கடல் பக்கம் கண் எட்டும் மட்டும் தண்ணீர்.