ஒரு தாய் நிரல், நாற்பது சேய் நிரல்கள்

1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் என்பது என்ன? ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் பெருக்கல் கணக்குக் கேட்பார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். இன்னொருவர் முதுகின்மேல் பூ எறிவார். அவதானி இவர்கள் எல்லாருக்கும் உரிய விடையைச் சொல்வதோடு, மணி எத்தனை முறை ஒலித்தது, பூ எத்தனை விழுந்தது என்பதையும் இறுதியில் சொல்லவேண்டும். எட்டுப் பேர் என்றால் அட்டாவதானம். நூறு என்றால் சதாவதானம்.

அவதானி யாரிடமும் நெடுநேரம் நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்தவரிடம் திரும்பிவிடுகிறார். வெண்பாக்காரர் யோசிக்கட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் மணி நான்கு முறை ஒலித்து ஓய்ந்திருக்கும்.

கணிப்பொறியில் ஒரு நிரல், வேறு பல நிரல்களைத் தொடங்கி, அவற்றோடு ஒரே சமயத்தில் உரையாட வேண்டியிருந்தால் அதன் நிலையும் இதுதான். தொடங்கிவைப்பதைத் தாய் நிரல் என்றும், தொடங்கப்பட்டவற்றைச் சேய் நிரல்கள் என்றும் கூறுவோம்.

பாடநூலில் ஒரு தொடக்கம்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் இதன் முதற்படியை அறிவார்கள். 2019இல் வந்த பாடநூலில், பைத்தான் நிரல் ஒன்று சி++ நிரல் ஒன்றை மொழிமாற்றி இயக்கும் பாடம் இருக்கிறது. அங்குள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, கொடுத்த எண்ணைத் திருப்பிப் படித்தாலும் அதே எண்தானா என்று பார்ப்பது. 12321 அத்தகைய எண். (செய்யுளில் இதையே மாலைமாற்று என்பர்; திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.)

அப்பாடத்தில் பைத்தான் செய்வது வாயிற்காவலர் வேலைதான். இயக்க அமைப்பிடம் “இதை ஓட்டு” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எண்ணைக் கேட்பது சி++ நிரல். விசைப்பலகையில் தட்டித் தருவது நீங்கள். விடை திரைக்கு வருகிறது. இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது பைத்தானுக்குத் தெரியாது. பேச்சு முடியும்வரை அது வேறு வேலையும் பார்க்காது.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில் தாடிக்கொம்பு இருக்கிறது. அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் நாற்பது மாணவர்கள் இந்த மாலைமாற்று நிரலை எழுதித் தந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் பத்து எண்கள் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நானூறு கேள்விகள், நானூறு விடைகள். ஆசிரியர் கையால் தட்டினால் பிற்பகல் போய்விடும். பைத்தானே மாணவர்களின் நிரல்களுக்கு எண்களைத் தந்து, விடைகளைப் படித்து, மதிப்பெண் போட்டுவிட்டால்? அதற்கு அது வாயிற்காவலர் வேலையை விட்டு, அவதானியாக வேண்டும்.

குழாய்கள்

விசைப்பலகையும் திரையும் இல்லாமல் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள என்ன வழி? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு கருத்தை எழுதிவைத்தார்: தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களையும் சேர்க்க வேண்டும். 1973இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸ் இயக்க அமைப்பில் செய்து முடித்தார். பெயரும் குழாய் என்றே நிலைத்துவிட்டது.

பைத்தானில் ‘சப்பிராசஸ்’ என்னும் பகுதி 2004இல் சேர்ந்தது. அதைக் கொண்டு ஒரு சேய் நிரலைத் தொடங்கும்போதே, அதன் உள்ளீட்டுக்கு ஒரு குழாய், வெளியீட்டுக்கு ஒரு குழாய் என்று பொருத்திவிடலாம். சேய் நிரலுக்கு வேறுபாடு தெரியாது. விசைப்பலகையிலிருந்து வருவதாகவே எண்ணிக்கொண்டு குழாயிலிருந்து படிக்கும்.

இதுவரை எளிதாகத்தான் இருக்கிறது. எழுதிப் பார்ப்பவர்கள் இடறி விழுவது இனிமேல்தான். திரையில் பிழைச்செய்தி ஒன்றும் வராது. எல்லாம் அப்படியே நின்றுவிடும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

முதல் இடறல் மிகச் சிறியது. மாணவரின் நிரல் “ஓர் எண்ணைத் தருக:” என்று எழுதிவிட்டு, அதே வரியில் காத்து நிற்கிறது. தாய் நிரலோ “ஒரு வரி படி” என்ற கட்டளையோடு காத்து நிற்கிறது. வரி முடிந்ததற்கு அடையாளமாகிய வரிமுடிவுக் குறி வந்தால்தான் அது ஒரு வரி. அந்தக் குறி வரவே வராது, ஏனெனில் எண் வந்த பிறகுதான் சேய் மேலே பேசும். எண்ணைத் தர வேண்டியதோ தாய். விளைவு, முழு மௌனம்.

இரண்டாவது சற்று நுட்பமானது. சி மொழியில் எழுதிய நிரல் ஒன்று திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி அனுப்பிவிடும். எதிரே இருப்பது திரையன்று, குழாய் என்று கண்டால் அதன் நூலகப் பகுதி சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. சொற்களை ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து, சில ஆயிரம் பைட்டுகள் நிரம்பிய பின்புதான் கொட்டும். அதனால் கையால் ஓட்டினால் ஒழுங்காகப் பேசும் நிரல், தாய் நிரல் ஓட்டினால் வாய்மூடி நிற்கும். சி++ மொழியின் வழக்கமான உள்ளீட்டு வெளியீட்டு முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஒன்றைக் கேட்பதற்குமுன் அதுவரை சொன்னதைக் கொட்டிவிடும்படி அவ்விரண்டையும் பிணைத்தே வைத்திருக்கிறார்கள். நம் பாடநூல் நிரல் அவ்வகையில் தப்பித்துக்கொள்கிறது.

இவ்விரண்டுக்கும் சேர்த்து டான் லிபஸ் என்பவர் ஒரு மருந்து கண்டார். 1990இல் அவர் வெளியிட்ட ‘எக்ஸ்பெக்ட்’ என்னும் கருவி, சேய் நிரலின் எதிரே குழாய்க்குப் பதிலாகப் போலித் திரை ஒன்றை நிறுத்துகிறது. உண்மையான திரை என்று நம்பிச் சேய் உடனுக்குடன் பேசிவிடும். மேலும், வரி முடியும்வரை காத்திராமல், “தருக:” என்ற சொல் கண்ணில் பட்டதுமே விடை கொடுக்கச் செய்யலாம். பைத்தானில் இதே வேலையைச் செய்யும் நூலகத்துக்குப் ‘பீ-எக்ஸ்பெக்ட்’ என்று பெயர்.

மூன்றாவது இடறல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. குழாய்க்கும் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட். ஒரு சேய் நிரல் ஒவ்வோர் எண்ணையும் படித்து, 32 பைட் நீளமுள்ள விடை ஒன்றை எழுதுகிறது என்போம். தாய் நிரல் விடைகளைப் படிக்காமல், இலட்சம் எண்களை ஒரேயடியாக உள்ளே தள்ளத் தொடங்குகிறது. 2,048 விடைகளில் வெளியீட்டுக் குழாய் நிரம்பிவிடும். அடுத்த விடையை எழுத முடியாமல் சேய் நிற்கும், நின்றதால் எண்களைப் படிக்காது, உள்ளீட்டுக் குழாயும் நிரம்பும், தாயும் நின்றுவிடும். குறுகிய பாலத்தில் இரு பேருந்துகள் முட்டி நிற்பதுபோல்தான். ‘டெட்லாக்’ என்று இதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், பத்து எண்கள் கொடுத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியிருக்கும்!

குழாய் எண்ணுவது எழுத்தையன்று, பைட்டை என்பதையும் சொல்லவேண்டும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தாடிக்கொம்பு’ என்பதில் புள்ளியையும் கொம்பையும் காலையும் சேர்த்து எண்ணினால் 12 குறிகள்; 36 பைட். வரிமுடிவோடு 37. நிறுத்தமின்றி ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டே போகும் நிரல் ஒன்று, படிப்பாரில்லையெனில், ஏறத்தாழ 1,770 வரிகளில் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

நாற்பதையும் ஒருங்கே

ஒரு சேய் நிரலோடு பேசக் கற்றுவிட்டோம். இனி நாற்பது. வரிசையாக ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனால் என்ன? போகலாம், மூன்றாவது மாணவர் தவறு செய்யாதவரை. மாலைமாற்று பார்க்க எண்ணைத் திரும்பத் திரும்பப் பத்தால் வகுத்துக் கடைசி இலக்கத்தை உதிர்க்க வேண்டும். வகுக்கும் அந்த ஒரு வரியை அவர் விட்டுவிட்டார் என்றால், நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். மீதி முப்பத்தேழு பேரும் பிழையில்லாமல் எழுதியிருந்தும் மதிப்பெண் கிடைக்காது.

ஆகவே தாய் நிரல் ஒருவர் முன்னும் நிற்கக்கூடாது. அது இயக்க அமைப்பிடம் கேட்கிறது: “இந்த நாற்பது குழாய்களில் எதில் செய்தி வந்திருக்கிறது? ஒன்றிலும் இல்லையென்றால் என்னைத் தூங்கவிடு, வந்ததும் எழுப்பு.” யூனிக்ஸ் வகை அமைப்புகளில் ‘செலக்ட்’ என்னும் கட்டளை இதைச் செய்கிறது. 2014இல் பைத்தான் 3.4உடன் வந்த ‘அசின்க்-ஐ-ஓ’ என்னும் பகுதி இந்த வேலையை இன்னும் வசதியாக்கியது. ஒவ்வொரு சேயோடும் நடக்கும் உரையாடலைத் தனித்தனியாக நேர்வரிசையில் எழுதிவிட்டால், எங்கே காத்திருக்க நேர்கிறதோ அங்கே அதுவே அடுத்த உரையாடலுக்குத் தாவிக்கொள்ளும்.

தாவினால் மட்டும் போதுமா? அவதானிக்கு நினைவு வேண்டும். ஒவ்வொரு சேய்க்கும் தாய் ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும்: கடைசியாகக் கேட்ட எண் எது, எப்போது கேட்டது, விடையில் இதுவரை வந்த பகுதி எவ்வளவு. விடை முழுதாக ஒரே தவணையில் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒரு தமிழ்க் குறியின் 3 பைட்டில் இரண்டு இப்போதும் ஒன்று பிறகும் வரலாம். வந்ததும் எழுத்தாக்க முனைந்தால் பிழையாகும்; வரிமுடிவு வரும்வரை பைட்டாகவே சேர்த்துவைப்பது நல்லது. “எப்போது கேட்டது” என்னும் குறிப்புத்தான் மூன்றாம் மாணவரின் நிரலைப் பிடித்துக் கொடுக்கும். இரண்டு நொடிக்குள் விடை வராவிட்டால் அந்த நிரலை நிறுத்திவிட்டு, பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

சதுரங்க நிரல்களின் உலகில் இது அன்றாட நடைமுறை. ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற சதுரங்க எந்திரங்களுக்குப் பலகைப் படமே கிடையாது. உள்ளீட்டில் கட்டளையைப் படித்து வெளியீட்டில் விடை எழுதும் நிரல்கள் அவை. இரண்டு எந்திரங்களை மோதவிட, நடுவே ஒரு பைத்தான் நிரல் நடுவராக உட்கார்ந்து, ஒன்றின் நகர்வை மற்றதற்குச் சொன்னால் போதும். 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யூ.சி.ஐ. என்னும் உரையாடல் விதிகளில் எனக்கு அழகாகத் தோன்றும் பகுதி ஒன்று உண்டு. நடுவர் “தயாரா?” என்று எப்போது கேட்டாலும், எந்திரம் ஆழ்ந்த யோசனையில் இருக்கும்போது கேட்டாலும்கூட, “தயார்” என்று சொல்லியாக வேண்டும். யோசிக்கிறதா, செத்துவிட்டதா என்ற ஐயம் நடுவருக்கு எழவே கூடாது என்பது ஏற்பாடு.

சேய் நிரல் முடிந்த பிறகும் தாய்க்கு ஒரு கடமை பாக்கி இருக்கிறது. யூனிக்ஸ் வகை அமைப்புகளில், முடிந்துபோன நிரலின் பெயர் உடனே பதிவேட்டிலிருந்து நீங்குவதில்லை. அது எப்படி முடிந்தது என்று தாய் கேட்டறியும்வரை ஒரு வரி அப்படியே கிடக்கும். அந்த நிலைக்கு ‘ஸாம்பி’, அதாவது நடைப்பிணம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பி.எஸ். என்னும் கட்டளை கொடுத்து ஓடும் நிரல்களின் பட்டியலை வரவழைத்தால், அத்தகையவற்றின் பெயருக்கு எதிரே ‘டிஃபங்க்ட்’ என்ற குறிப்பைக் காணலாம். நாற்பது சேய்களைத் தொடங்கிவிட்டு ஒருவரையும் விசாரிக்காத தாய் நிரல் ஓடிக்கொண்டிருந்தால், பட்டியலில் நாற்பது வரிகள் அவ்வாறு நிற்கும்.