அலுப்பு என்று ஒதுக்கப்படும் காய்ச்சல்

காணும் பொங்கல் முடிந்து விருந்தினர் ஊர் திரும்பியதும், உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் இரண்டாவது சுற்றுச் சுத்தம் தொடங்குகிறது. போகிக்கு முன் நடப்பது பெரும்பாலும் கண்ணில் படும் இடங்களைக் கழுவி வெள்ளையடிக்கும் வேலை. பண்டிகைக்குப் பின் வருவது அதைவிடக் கடினமானது: அண்டாக்களையும் பித்தளைப் பானைகளையும் மீண்டும் பரணில் ஏற்றுவது, சம்பா அறுவடையின் புது வைக்கோலுக்கு இடம் வேண்டிப் பழைய போரை அடிவரை பிரிப்பது, மூட்டை அடுக்கிய மூலையை ஒழிப்பது, தோட்டத்துப் புதரை வெட்டி விறகை இடம் மாற்றுவது என எலியும் பூச்சியும் ஆண்டு முழுவதும் குடியிருந்த இடங்களில் கை வைக்கும் வேலை அது. இந்த வேலை முடிந்த இரண்டு மூன்று வாரங்களில் மருத்துவமனைக்கு வருவோரில் ஒரு பகுதியினர் ஒரே வகையான கதையோடு வருகிறார்கள். பொங்கல் வேலை அலுப்பு என்றும், தை மாதப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் ஒரு வாரம் தள்ளிப்போட்ட பிறகு, மூச்சிரைப்போ மஞ்சள் காமாலையோ நினைவுத் தடுமாற்றமோ தொடங்கிய நிலையில் அவர்கள் அழைத்துவரப்படுகிறார்கள். தொடக்கத்திலேயே வந்திருந்தால் அவர்களில் பலருக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும்.

பழைய வைக்கோலும் உண்ணிக் காய்ச்சலும்

இந்தக் காய்ச்சல்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்கரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலாகும். புதர், புல், வைக்கோல், எலி வளை ஆகியவற்றை ஒட்டி வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு மனிதரைக் கடிக்கும்போது, அதன் வழியே உடலுக்குள் செல்லும் நுண்ணுயிரியால் இது உண்டாகிறது. கடித்த அன்றே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் 6 நாள் முதல் 21 நாளுக்குள், பலருக்குப் பத்து நாள் அளவில்தான் தொடங்குகிறது. வைக்கோல் பிரித்ததையும் காய்ச்சலையும் யாரும் தொடர்புபடுத்திப் பார்க்காமல் போவதற்கு இந்த இடைவெளியே காரணம். தமிழ்நாட்டில் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் பனிக்காலத்திலும் இது கூடுகிறது. 2025 தொடக்கத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டதும் இந்தப் பருவத்தில்தான்.

நோயின் அடையாளம் ஒன்று பலரின் உடலில் வெளிப்படையாகவே இருக்கும். கடிபட்ட இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற சிறிய கரும்பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவந்த வளையத்துடன் தோன்றுகிறது. அது வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. அக்குள், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி என உடைக்குள் மறைந்தே இருப்பதால் நோயாளியே அதை அறிவதில்லை. கூச்சம் பாராமல் அதைத் தேடிப் பார்த்துக் காட்டுவது எந்தச் சோதனையைவிடவும் விரைவாக நோயைச் சொல்லிவிடும். ஆனால் பொருக்கு எல்லோருக்கும் தோன்றுவதில்லை. இல்லை என்பதற்காக நோயும் இல்லை என்று முடிவு செய்யலாகாது.

இதே வேலைகளின்போது எலிச் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் சேறும் காலிலுள்ள வெடிப்புகளில் படுவதால் எலிக்காய்ச்சல் வருவதும் உண்டு. கெண்டைக்கால் தசையில் கடும் வலியும் கண் சிவப்பும் அதன் குறிகள்.

காகிதப் பொட்டலத்தில் வரும் மாத்திரை

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது. அது விலை மலிந்தது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைப்பது. டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது; கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின் தரப்படுகிறது. இவ்வளவு எளிதாகத் தீரக்கூடிய நோய் உயிரைக் கேட்கும் அளவுக்கு முற்றுவது, இடையில் கழிந்த நாட்களில் செய்யப்பட்ட வைத்தியத்தால்தான். மருந்துக்கடையில் பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் மூன்று வேளைக்கு என்று மடித்துத் தரப்படும் மாத்திரைகளில் பெரும்பாலும் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு வலி மாத்திரை, அமாக்ஸிசிலின் போன்ற ஓர் ஆன்டிபயாட்டிக், சில வேளைகளில் ஒரு ஸ்டீராய்டு ஆகியவை இருக்கின்றன. அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியின்மேல் வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டு காய்ச்சலைச் சற்றே மறைத்து, உடம்பு தேறிவிட்டது என்ற தவறான நம்பிக்கையைத் தருகிறது. அதே காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால், வலி மாத்திரை இரத்தக்கசிவுக்கும் வழி செய்கிறது. பொட்டலத்தில் பெயரே இல்லாததால், நோயாளி எதை விழுங்கினார் என்பதைப் பின்னர் மருத்துவராலும் கண்டறிய முடிவதில்லை.

கஷாயம் குடிப்பதைப் பற்றி இங்கே வழக்காட வேண்டியதில்லை. ஆனால் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கழிக்கப்படும் நான்கு நாட்கள் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கப் போதுமானவை. ஒரே ஓர் ஊசி போட்டால் சரியாகும் என்று தகுதியற்றவரிடம் போவது அதைவிட மோசமானது. மாட்டுக்கு உண்ணி எடுத்துவிட்டோம், ஆகவே இந்தக் காய்ச்சல் வராது என்ற எண்ணமும் பிழையானது. மாட்டின் காதில் தொங்கும் பெரிய உண்ணி வேறு, இது வேறு. நோயாளியைத் தொட்டால் ஒட்டும் என்று தட்டு, குவளையைத் தனியாக வைக்கவும் தேவையில்லை, ஏனெனில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது பரவுவதில்லை.

அண்மைக் காலமாக இன்னொரு பழக்கமும் பெருகிவருகிறது. சென்ற ஆண்டு அண்ணிக்குக் கொடுத்த சீட்டைக் காட்டி டாக்ஸிசைக்ளினையே தாமாக வாங்கி, காய்ச்சல் இறங்கிய மறுநாள் நிறுத்திவிடுகிறார்கள். அல்லது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்து, உணவுக்குழாய் புண்ணாகி நெஞ்செரிச்சலோடு வருகிறார்கள். சரியான மருந்தும் சரியான நாள் அளவோடும் முறையோடும் உட்கொள்ளப்படாவிட்டால் பயன் தராது. நோய் முற்றியபின் மருத்துவம் எவ்வளவு கடினமாகிறது என்பதற்கு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வே சான்று: தீவிர நிலையை அடைந்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நற்பலன் தருவதாக அது காட்டியது. மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போகிறது.

உண்ணிக் காய்ச்சலுக்குச் சோதனையாக இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் ஐஜிஎம் எலிசா என்ற இரத்தப் பரிசோதனையும் போதும். அவற்றின் முடிவுக்காக மருந்தைத் தள்ளிவைப்பதில்லை.

விறகடியில் தேள், போரடியில் பாம்பு

விறகைப் புரட்டும்போது கொட்டும் செந்தேளை ஊர் வெங்காயத்தாலும் எருக்கம்பாலாலும் மந்திரிப்பாலும் எதிர்கொள்கிறது. வலியோடு மட்டும் நின்றுவிடும் கொட்டுகள் எதைத் தேய்த்தாலும், தேய்க்காவிட்டாலும், தாமாகவே தணிகின்றன. அந்தத் தணிவுக்கான பெயரை வெங்காயம் வாங்கிக்கொள்கிறது. ஆபத்தானவை வேறு: கொட்டுப்பட்ட சிறு நேரத்தில் வாந்தி, உடல் முழுதும் வியர்வை, கைகால் சில்லிடுதல் ஆகியவை தொடங்கினால், குறிப்பாகக் குழந்தைக்கு, நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது என்று பொருள். மகாராஷ்டிரத்தின் மகாடில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை இத்தகைய குழந்தைகளைக் காப்பதை நிறுவியபின், செந்தேள் கொட்டால் நேரும் மரணங்கள் பெரிதும் குறைந்தன. அந்த மாத்திரை உரிய நேரத்தில் வாய்க்குள் போக வேண்டும். மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையில் அது கிடைப்பதில்லை.

பாம்புக்கடியில் தவறுகளின் பட்டியல் இன்னும் நீளமானது. இறுக்கிக் கட்டும் கயிறு கைகாலை அழுகவைக்கிறது. அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பாய்கிறது. கீறி உறிஞ்சுவது புண்ணையும் இரத்தப்போக்கையும் கூட்டுகிறது. மிளகைக் கடிக்கவைத்து, காரம் தெரிந்தால் விஷமில்லை என்று தீர்ப்பளிப்பதற்கும், கடிவாயில் கோழிக்குஞ்சை வைப்பதற்கும் எந்த அடிப்படையும் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தடமோ பெரிதாகத் தெரியாது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, சிறிது நேரத்தில் இமை தூக்க முடியாமல் தவித்தால் அதை வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா கொடுப்பது அவரைக் கைவிடுவதாகும்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான முறிவு மருந்து ஒன்றே. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் கணிசமான பங்கை, 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். பக்கத்து மாவட்டத்து இருளர்களின் உழைப்பு இந்தியாவெங்கும் உயிர்களைக் காக்கும்போது, இதே மண்ணில் ஒருவர் கோழிக்குஞ்சுக்காகக் காத்திருந்து இறப்பது பொறுக்க முடியாதது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியதும் இத்தகைய மரணங்களைத் தடுப்பதற்காகவே. கடிபட்டவரை நடக்கவிடாமல், கைகாலை அசையாமல் பட்டைக்குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றி, 108க்கு அழைத்து முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது.

கழிப்பறை ஆசிடும் எலிமருந்தும்

விருந்தினர் வந்துபோன கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேலேயே ஆசிடை ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் கிடைக்கும் என்று நம்பப்படுகிறது. கிடைப்பது குளோரின் வாயு. சன்னல் இல்லாத சிறு அறையில் அது தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கிறது. வெளியே வந்து பால் குடித்தால் போதும் என்பது பிழை, ஏனெனில் மூச்சிரைப்பு சில மணி நேரம் கழித்தும் முற்றலாம். மிதிவண்டியில் விற்கப்படும் ஆசிடைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடாதது. ஆசிடையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்ட குழந்தைக்கு உப்புக்கரைசலோ புளித்தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைத்தால், இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும், மண்ணெண்ணெயானால் நுரையீரலுக்குள்ளும் புகும். வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளக்கெண்ணெய் விடாமல், அரைமணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எலிமருந்தைப் பற்றிச் சொல்லும்போது பதற்றம் தவிர்க்க இயலாதது. 2024 நவம்பரில் இதே மாவட்டத்தின் குன்றத்தூர் அருகே, எலித்தொல்லைக்காக மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். நெல் மூட்டைக்கிடையே வைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு வில்லை ஈரக்காற்றில் நச்சுவாயுவாக மாறுவதால், மனிதர் படுக்கும் அறையில் அதற்கு இடமே இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ வேறுவகையில் ஏமாற்றுகிறது: உட்கொண்டவர் ஓரிரு நாள் நலமாக இருப்பதாகவே தோன்றி, அதன்பின் கல்லீரல் செயலிழக்கிறார். அறிகுறி இல்லை என்று வீட்டில் வைத்திருக்கும் அந்த இரண்டு நாட்களே காப்பாற்றக்கூடிய நாட்கள்.

வேலையைத் தொடங்குமுன்

பரணையும் மூட்டை மூலையையும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும்; இழுப்பு உள்ளவர்கள் அந்த நேரத்தில் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வைக்கோலையும் விறகையும் கையால் வாராமல் நீண்ட கழியால் புரட்டிய பிறகே தொட வேண்டும். முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு அல்லது ரப்பர் காலணி ஆகியவற்றை அணிந்து, வேலை முடிந்த அன்றே சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது; டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் உட்சுவரில் ஒட்டி, உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருப்பதால், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் ஒழித்த குப்பையைத் தெருமுனையிலும் ஏரிக்கரையிலும் கொட்டினால் எலி அடுத்த வீட்டுக்குத்தான் இடம் மாறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரியைக் காக்கவென்றே ஏரி வாரியம் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் பொறித்த ஊர் உத்திரமேரூர். அந்த ஏரிக்கரை வைக்கோல் குப்பைக்கும் எலிக்கும் உரிய இடமாகிவிடக் கூடாது.

இந்தச் சுத்த வேலைகளையெல்லாம் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. காய்ச்சலை அலுப்பு என்று சொல்லி அடுப்படியில் நின்று சமாளிப்பவரும் அவரே. அவருடைய சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், சுத்தம் செய்த மூன்று வாரத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலையும் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு கணவரிடமும் மகனிடமும் மருத்துவ உலகம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறது. உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ அவரை அழைத்துச் சென்று, போர் பிரித்த நாளையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் சேர்த்துச் சொல்லி, இடையில் விழுங்கிய மாத்திரைகளின் உறைகளையும் மருத்துவர் முன் வைக்க வேண்டும்.